காகம் தேடிப் போன சனிக்கிழமை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில், செத்துப்போன நம் சினேகிதரின் எட்டுச்செலவு வீட்டில் நான் பாதிச் சோற்றில் எழும்பிப் பின்வளவுக்குப் போனதையும், திரும்பி வந்து இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதையும் நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பார்த்ததோடு விட்டீர்களா? அடுத்த வெள்ளிக்கிழமை மனோர் பார்க் கோயிலில் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே தொடங்கிவிட்டீர்கள். ஒருத்தி, "என்னடியப்பா, சுகர் இறங்கிப் போச்சோ?" என்றாள். இன்னொருவர், "செத்தவரிலை அவ்வளவு பாசமோ?" என்று கண்ணைச் சிமிட்டினார். பேரப்பிள்ளை பார்க்கப்போகிற வயதில் எனக்கு இந்தப் பெயரும் வேண்டித்தான் கிடந்தது. ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும், பொறுமையாய்க் கேளுங்கள்.

அன்றைக்குப் பிள்ளைகள் படையல் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டாம் நாள் அல்லவா, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். மீன்குழம்பு, பொரித்த கோழி, அவர் விரும்பிக் குடிக்கிற பியர் கேன் ஒன்று. மூத்தவன் கடைசியில் ஒரு சிகரெட்டை எடுத்துச் சோற்றுக்குப் பக்கத்தில், யாரோ எழும்பி வந்து எடுக்கப் போகிற மாதிரி, பக்குவமாக வைத்தான். நான் சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து அது நேராகத் தெரிந்தது. சோறு, அதன் பக்கத்தில் சிகரெட். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதே மாதிரி ஒரு படையலைச் சிறுபிள்ளையாக இருந்தபோது நான் பார்த்திருக்கிறேன். அது படையல் என்றே தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

நான் கலியாணம் கட்டி லண்டனுக்கு வருமுன் கனடாவில் வளர்ந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ரொறொன்ரோவுக்கு வருமுன் ஒரு இலையுதிர் காலம் முழுக்க நாங்கள் எங்கே இருந்தோம் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அமெரிக்க எல்லையை ஒட்டினாற்போல் ஒரு புல்வெளி, அதற்கு நடுவே பறவைகளுக்கென்று விடப்பட்ட ஒரு சரணாலயம், அதன் வாசலில் ஒரு பழைய மோட்டல். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த அப்பாவுக்கு, அகதியாக வந்த பிறகு கிடைத்த வேலை அந்த மோட்டலைப் பார்த்துக்கொள்வது. மொன்றியலில் நம் ஆட்கள் நிறைந்த மாடிவீட்டை விட்டு, அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான மாமி, நாலு பேரும் அங்கே போய் இறங்கினோம். அம்மா காரிலிருந்து இறங்காமல், "மனிசர் இருக்கிற இடமோ இது?" என்று கேட்டார். நானோ இறங்கி நின்றவள், வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றேன்.

வானம் என்பது எனக்கு அதுவரைக்கும் தலைக்கு மேலே இருக்கிற ஒன்று. அங்கே அது காலடியிலிருந்து தொடங்கியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல், புல்லின் முடிவில் வானம், நடுவே மறைக்க ஒரு மரமோ வீடோ கிடையாது. காற்று புல்லை ஒரு பக்கம் சாய்த்துத் தடவிக்கொண்டு போகும்; போன வழி நெடுகப் புல்லின் நிறம் மாறும். நாங்கள் வெயிலில் நிற்க, தூரத்தில் ஒரு மழை தனியாக நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் இந்தக் கரையும் தெரிந்தது, அந்தக் கரையும் தெரிந்தது. ஒரு மழையை முழுசாகப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்கமாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

சரணாலயத்தின் நடுவே ஒரு ஏரி. ஆழமில்லாத, ஆறாய் ஓடி எங்கும் போகாத ஏரி. வெயிலில் வற்றி, கரை நெடுகிலும் வெள்ளை வெளேரென்று காய்ந்திருக்கும். மாமி அதைக் கண்டவுடனே, "அடி, ஆனையிறவு உப்பளம்!" என்று கூவிக்கொண்டு ஓடிப்போய் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிப் போனது. "தூ! இது உப்பில்லை, பேதி மருந்து." அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியைப் பகிடி பண்ணுவதென்றால் அப்பாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். ஒருநாள் காலை வேலைக்குப் போனார். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அவரை இறக்கினதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் யாருமில்லை. மாமி முகாம் முகாமாக ஏறி இறங்கினார். கடைசியில் எங்கள் சொந்தக்காரர் எல்லாருமாகச் சேர்ந்து ஏஜென்சி மூலம் அவரைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. மோட்டலில் அறை அறையாகக் கட்டில் விரிப்பு மாற்றுகிற வேலையை அம்மாவோடு சேர்ந்து செய்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரேயொரு சுருட்டு. மாமாவின் மேசையில் மிச்சமிருந்தது.

"அவர் வந்து இறங்கினவுடனை முதல் கேக்கிறது இதைத்தான். தேத்தண்ணியும் கேக்கமாட்டார்," என்பார் மாமி.

சில பின்னேரங்களில் எனக்கும் அதை மணக்கத் தருவார். புகையிலையும் பனங்கட்டியும் பழைய மேசையின் இழுப்பு லாச்சியும் சேர்ந்த ஒரு மணம். அந்தப் பெரிய புல்வெளியில், காய்ந்த புல்லும் ஏரிச் சேறும் மணக்கிற இடத்தில், பெட்டியைத் திறந்தால் யாழ்ப்பாணத்து வீடொன்றின் கதவு திறந்த மாதிரி இருக்கும். மூடினால் மறுபடி புல் மணம். இன்றைக்கும் யாராவது சுருட்டுப் பற்ற வைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணமல்ல, அந்தப் புல்தான்.

செப்ரெம்பர் வந்ததும் பறவைகள் வரத் தொடங்கின. முதலில் கொஞ்சம் வாத்துக்கள். பிறகு வெள்ளை வாத்துக்கள், வடதுருவப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவை. ஒரு காலை எழும்பிப் பார்த்தால் ஏரியைக் காணவில்லை. பனி கொட்டிவிட்டது என்று அம்மா சொன்னார். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். பனியல்ல, பறவை. நீர் தெரியாமல் பறவை. எல்லாம் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தன. சாம்பல் நிறக் கொக்குகளும் வந்தன. அவை மிக உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டு, தொண்டைக்குள் பீங்கான் உருட்டுகிற மாதிரிச் சத்தம் போடும். ஆள் கண்ணுக்குத் தெரியுமுன்னே சத்தம் கேட்கும். நான் புல்லில் மல்லாந்து படுத்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வானத்தில் தேடுவேன். அப்படித் தேடும்போது நிலம் சுழல்வது போலிருக்கும். பயமாகவும் இருக்கும், எழும்ப மனமும் வராது.

வேட்டைக்காலமும் அப்போதுதான். சரணாலயத்துக்கு வெளியே சுடலாம், உள்ளே சுடக்கூடாது. முதல் வெடி கேட்ட காலை மாமி என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். அப்பா வந்து குனிந்து, "அக்கா, வெளியாலை வா. அது வாத்துக்கு விழுற வெடி," என்று எவ்வளவோ சொல்லித்தான் வந்தார். பிறகு இருவருமாக ஜன்னலில் நின்று பார்த்தோம். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த பறவைகள் அசையவே இல்லை. அவற்றுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தது. மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுகளுக்கும் அகதி முகாம் இருக்குது, பாத்தியோ," என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாதிச் சனி விரதம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மாமி அதைப் பிடித்த மாதிரி நான் வேறு யாரிடமும் காணவில்லை. மாமாவின் சாதகத்தில் ஏழரைச் சனி நடக்கிறது, அது அவரை விட்டு இறங்கினால் ஆள் உயிரோடு வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சனிக்கிழமை பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. எள்ளெண்ணெய் விளக்கு எரித்து, சமைத்து, முதல் பிடி எள்ளுச்சோற்றைக் காகத்துக்கு வைப்பார். காகம் வந்து தொட்ட பிறகுதான் தான் ஒரு நேரம் சாப்பிடுவார். ஊரில் அது பெரிய காரியமா? சோறு வைக்குமுன்னே காகம் வேலியில் வந்து குந்தியிருக்கும்.

முதல் சனிக்கிழமை மோட்டல் பின்பக்கத்தில் ஒரு காகம் வந்தது. ஊர்க் காகத்தைவிடப் பருமன், கழுத்திலும் கறுப்பு. மாமி அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, உன்ர சனீஸ்வரனுக்கு இமிகிரேஷன் கேஸ் முடிஞ்சுதோ? அந்தாளும் வந்திட்டார்," என்றார் அப்பா.

"நீ வாயைப் பொத்து. உனக்கும் சேத்துத்தான் நான் பிடிக்கிறன்."

"எனக்கு வேண்டாம். எனக்குச் சனி பிடிக்கவேண்டிய அவசியமில்லை, மோட்டல் முதலாளி இருக்கிறார்."

இரண்டாம் சனிக்கிழமை காகங்கள் கூட்டமாக வந்து மோட்டல் கூரையை நிறைத்தன. கரைச்சலில் காது அடைத்தது. அப்பாவுக்கு வாய் நிற்கவில்லை, "சனியன் பெண்சாதி பிள்ளையளையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டிட்டுது," என்றார். மாமிக்குக் கோபமே வரவில்லை. "இவ்வளவு காகம் ஒண்டாய் வந்தா நல்ல சேதி வரப்போகுது, பார்," என்றவர், அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார். அவை புறப்படுவதற்காகக் கூடியவை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த கிழமை, சனிக்கு முன்னால், ஊரிலிருந்து ஒரு ரெலிபோன் வந்தது. நான் மோட்டல் அலுவலகத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எடுத்து, "ஓம்" என்றார். பிறகு, "ஆர் கண்டது?" என்றார். பிறகு கனநேரம் கேட்டுக்கொண்டு நின்று, "ஓம்... ஓம்" என்று வைத்துவிட்டார். வைத்தவர் என்னைத் திரும்பியும் பார்க்காமல் கோட் இல்லாமல் வெளியே நடந்தார். அந்த நிலத்தில் ஒருவர் நடந்து போனால் மறையமாட்டார், சின்னதாகிக்கொண்டே போவார். அப்பா ஒரு விரல் அளவாகும் வரை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அம்மா கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். இருவரும் அங்கே, வானத்தின் அடியில், இரண்டு புள்ளிகளாக வெகுநேரம் நின்றார்கள். திரும்பி வந்தபோது, முதலாளி ஏசினாராம் என்றார்கள். எனக்கு முதலாளியின்மேல் பொல்லாத கோபம் வந்தது.

மூன்றாம் சனிக்கிழமை காகம் வரவில்லை. மாமி பின்பக்கத்தில் சோற்றை வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டார். ஏரி நிறைய வாத்து, வானம் நிறையக் கொக்கு, ஆனால் ஒரு காகம் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு மக்பை என்கிற பறவை ஒன்று வந்து தத்தித் தத்திச் சோற்றுக்குக் கிட்டப் போனது. மாமி அதைத் துரத்தினார். "அதுவும் காகத்தின்ரை சொந்தந்தான், மச்சாள்," என்று அம்மா கெஞ்சினார். "இது அரைக் காகம். எனக்கு முழுக் காகம் வேணும்," என்றார் மாமி. இருட்டும் வரை நின்றார். சோறு விறைத்துப் போனது. "காகம் தொடாமல் நான் எப்பிடித் தொடுறது?" என்று சொல்லிச் சாப்பிடாமலே படுத்துவிட்டார். எப்படியும் அப்பா ஒரு பகிடி விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். அது நிறுத்திக் கிடந்தது.

கடைசிச் சனிக்கிழமை காலை நான் எழும்பும்போது அப்பா சப்பாத்துப் போட்டுக் கொண்டு, கார்த் திறப்புக் கையில் கிலுங்க மாமியின் கதவடியில் நின்றார்.

"வா அக்கா. காகம் பாப்பம்," என்றார்.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அது அளவுக்கு மிஞ்சி நீண்டது. பிறகு, "கொஞ்சம் பொறு. குளிச்சுச் சமைச்சுக்கொண்டு வாறன்," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எள்ளுச்சோறு மட்டுமல்ல, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயசம் என்று அடுப்பை விட்டு விலகாமல் சமைத்தார். "விரதச் சோத்துக்கு இவ்வளவு என்னத்துக்கு?" என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தார். எல்லாம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போனது. அம்மா மோட்டலைப் பார்க்க நின்றுவிட, அப்பா, மாமி, நான் மூவரும் வெளிக்கிட்டோம்.

சினேகிதர்களே, அந்த ஓட்டத்தை நான் எப்படிச் சொல்வது! இந்த ஊரில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறினால் கண்ணை மூடித் திறக்குமுன் நகரத்தின் அந்தக் கரைக்குப் போய்விடலாம். அங்கே காலை முழுக்க ஓடினோம், முன்னால் இருந்த குன்று அப்படியே முன்னால் இருந்தது. புல் முழுக்க உறைபனி பிடித்து, வெயில் பட ஒவ்வொரு தாளாக மினுங்கியது. வேலிக் கம்பியில் ஒரு பருந்து. கார் கிட்டப் போயும் அசையவில்லை. ஒரு மான் கூட்டம் எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடிவந்து, சலித்துப்போன மாதிரி நின்றுவிட்டது. அப்பா ஒவ்வொரு மேட்டிலும் காரை நிறுத்தி இறங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துச் சுற்றிப் பார்ப்பார். "இல்லை அக்கா. அடுத்த மேட்டிலை பாப்பம்." அடுத்த மேட்டிலும் இல்லை. அப்பாவும் ஒருவழியாக அந்த நிலத்தின் அழகில் மயங்கிவிட்டார், அதனால்தான் கதைக்காமல் வருகிறார் என்று நான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சுற்றிச் சுற்றி ஏரியின் தென்கரைக்கு வந்தபோது, சரணாலயத்துக் காவல்காரி தன் வண்டியை மறித்தாற்போல் நிறுத்தினார். பச்சைத் தொப்பி போட்ட, நெடிய பெண். சரணாலயத்தில் எந்தப் பிராணிக்கும் தீன் போடக்கூடாது என்று பலகை இருந்ததால் அப்பா டப்பாவைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார். பிறகு வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, அக்காவின் விரதம், ஒரு காகம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. காகமெல்லாம் குளிருக்குத் தெற்கே போய்விட்டதே என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு கவலைப்பட்டார்.

அப்பா மொழிபெயர்த்தபோது மாமிக்கு நம்பமுடியவில்லை. "காகமோ? காகமும் ஊரை விட்டுட்டுப் போறதோ?" என்றார். வாத்து போகலாம், கொக்கு போகலாம். காகம் வீட்டு வேலியில் இருக்கிறதல்லவா! அவர் கேட்டதை அப்பா திருப்பிச் சொல்ல, காவல்காரி யோசித்து, எல்லையோரத்தில் சில பிந்தி நிற்கும், தன் வண்டிக்குப் பின்னால் வரும்படி சொன்னார்.

எல்லை என்றால் நான் சுவர், துவக்கு, சோதனைச்சாவடி என்று பயந்துகொண்டு போனேன். மாமி என்னைவிடப் பயந்திருப்பார். அவர் கடந்துவந்த எல்லைகள் அப்படிப்பட்டவை. மண்பாதை ஒரு இடத்தில் சும்மா முடிந்தது. மாடு தாண்டாமல் இருக்கக் கட்டின கம்பி வேலி. கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வெள்ளைத் தூண். அவ்வளவுதான். இந்தப் பக்கத்துப் புல் அந்தப் பக்கம் அப்படியே தொடர்ந்து போனது. காற்று வேலியைப் பார்க்காமலே கடந்தது. மாமி கம்பியில் கை வைத்து, "இவ்வளவுந்தானோ?" என்றார். அந்தப் பக்கம் வெகு கிட்டத்தில் ஒரு பட்டமரம். அதில் காகங்கள் இருந்தன.

அப்பா மாமியின் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார். "அக்கா, அங்காலை மட்டும் கால் வைச்சிடாதை. உன்ர கேஸ் முடியேல்லை. போனா திரும்ப விடமாட்டாங்கள்." சொல்லிவிட்டு, காகம் பயப்படும் என்று காவல்காரியோடு காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வேலியடியில் மாமியும் நானும் மட்டும்.

மாமி டப்பாவைத் திறந்தார். வேலித் தூண் ஒன்றின் தலை அகலமாக, தட்டையாக இருந்தது. அதில் சோற்றை வைத்தார். சுற்றிவரப் பருப்பு, பிரட்டல், அப்பளம், கையால் ஒரு சொட்டுப் பாயசம். பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்தார். சுருட்டை எடுத்து, ஒருமுறை முகர்ந்து, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். நான், "மாமி, அது மாமாவுக்கெல்லோ?" என்றேன்.

"ஓம் பிள்ளை, மாமாவுக்குத்தான்," என்றார் மாமி.

இருவரும் பின்னுக்கு வந்து நின்றோம். மரத்திலிருந்து ஒரு காகம் இறங்கி வேலிக் கம்பியில் குந்தியது. தலையைச் சரித்துச் சோற்றைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. தத்தி வந்து முதலில் சுருட்டைத் தூக்கிப் பார்த்து, பிடிக்காமல் அந்தப் பக்கம் போட்டது. சுருட்டு அமெரிக்காவில் விழுந்தது. எனக்கு ஐயோ என்று வந்துவிட்டது. மாமி, "போகட்டும்," என்றார். காகம் சோற்றில் வாய் வைத்தது.

அதே நேரம் எங்களுக்குப் பின்னால், ஏரியில், ஏதோ ஒன்றுக்குப் பயந்து எல்லாப் பறவையும் எழும்பின. முதலில் சத்தந்தான் வந்தது, நிலத்துக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. திரும்பிப் பார்க்கிறேன், ஏரியே எழும்பி வருகிறது. வெள்ளை வெள்ளையாக எங்கள் தலைக்கு மேலே வந்து, வெயிலை மறைத்து, வேலியைக் கடந்து, திரும்பி, மறுபடி கடந்தன. சிறகடிக்கிற காற்று என் தலைமயிரைக் கலைத்தது. நான் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மாமி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, கைகூப்பி நின்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும் வழிந்தது. அவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோபுரம், கடல், மலை பார்த்துவிட்டேன். அதற்கு ஈடாக எனக்கு ஒன்றுமில்லை.

காரில் வந்து ஏறியதும் மாமி டப்பாவில் மிச்சமிருந்த சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டார். எனக்கும் ஊட்டினார், முன்னால் எட்டி அப்பாவுக்கும் ஒரு கவளம் நீட்டினார். அப்பா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடி ஊத்தையாய் இருக்கிறது என்று இறங்கிப் போய்க் கனநேரம் துடைத்தார். காவல்காரி தொப்பியை ஆட்டி வழியனுப்பினார்.

பனி கொட்டத் தொடங்கியதும் மோட்டலை மூடினார்கள். நாங்கள் ரொறொன்ரோவுக்குப் போனோம். சித்திரை மாதம், மாமியின் கேஸ் முடிந்த பிறகு, சொந்தக்காரரையெல்லாம் கூட்டிவைத்து, மாமா ஆமியின் தடுப்புக்காவலிலேயே செத்துவிட்டார் என்று அப்பா மெல்ல மெல்லச் சொன்னார். மயங்கி விழுந்தால் பிடிக்க இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். மாமி விழவில்லை. "ஓம்," என்றார். பிறகு எழும்பிப் போய் வந்தவர்களுக்குத் தேத்தண்ணிக்கு உலை வைத்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான், கல்நெஞ்சுக்காரி. கலியாண வீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் அது அவர் பின்னால் போனது. என் அம்மாகூடச் சொல்லியிருக்கிறார். புருஷன் செத்த செய்திக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னிடம் சொன்னார், அந்த மோட்டல் ரெலிபோனிலேயே தனக்கும் அம்மாவுக்கும் தெரியுமாம். கேஸ் முடியாமல், துணைக்கு ஆளில்லாத அந்த வெளியில் அக்கா இதைத் தாங்கமாட்டாள் என்று மறைத்தாராம். "அவளுக்குக் கேஸ் முடியுமட்டும் தெரியாமல் காப்பாத்திப் போட்டன்," என்றார். தன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரு காரியம் என்கிற மாதிரிச் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன், பார்க்கிங்கில் அந்தச் சிகரெட்டைக் காணும் வரைக்கும்.

அதுதான் எழும்பிப் போனேன். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ரொறொன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் இருக்கிற மாமியை வாட்ஸப்பில் அழைத்தேன். மாமிக்கு எண்பதுக்கு மேல். போனைக் காதில் வைத்ததால் திரையில் அவர் காது மட்டுந்தான் தெரிந்தது.

"மாமி, அந்த வேலியடியிலை சோறு வைச்சியளெல்லோ, சுருட்டோடை. அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"

காது திரையை விட்டு விலகி, அவர் நெற்றி தெரிந்தது. பிறகு, "தெரியும்," என்றார்.

"ஆர் சொன்னது?"

"உன்ர அப்பன்தான்."

"அவர் சொல்லேல்லை எண்டெல்லோ..."

"சொல்லேல்லை. என்ர விரதத்தைப் பகிடி பண்ணாமல் அவனுக்கு ஒரு சனிக்கிழமை விடிஞ்சதில்லை, பிள்ளை. அண்டைக்கு விடியவெள்ளன எழும்பிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, 'வா அக்கா, காகம் பாப்பம்' எண்டு நிக்கிறான். அதுக்குப் பிறகு எனக்கு ஆர் என்ன சொல்லோணும்?"

"எல்லாரும் உங்களைக் கல்நெஞ்சுக்காரி எண்டவை, மாமி. நீங்கள் அப்பாவிட்டையாவது சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"அவன் காரை நிப்பாட்டி நிப்பாட்டி, மேடு மேடாய் ஏறித் தேடினவனடி. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அவன் உடைஞ்சு போவான். சொல்லுறவை சொல்லிப்போட்டுப் போகட்டும்." பிறகு குரல் மாறியது. "அந்தப் பறவையள் எழும்பினது உனக்கு ஞாபகமிருக்கோ? அண்டைக்கு நான் அழுததை ஒருத்தரும் காணேல்லை. எல்லாரும் மேலை பாத்துக்கொண்டு நிண்டவை."

ஞாபகமிருக்கிறது என்றேன். பார்க்கிங் வானத்தில் மேகம் தாழ்ந்து கிடந்தது. வேலிப் பலகையில் ஒரு காகம் வந்து குந்தி, உள்ளேயிருந்து சோறு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ இப்ப எங்கை நிக்கிறாய்?" என்று மாமி கேட்டார்.

"எட்டுச்செலவு வீட்டிலை. பாதிச் சாப்பாட்டிலை எழும்பி வந்திட்டன்."

"விசரி! அந்தச் சனத்தின்ரை சோத்தை அப்பிடி விட்டிட்டு வாறதே? போய் வயிறு நிறையச் சாப்பிடு."

அதனால்தான் வந்து இரண்டாம் தரமும் சோறு கேட்டேன்.